தாத்தா நட்ட தேக்கும் மலைக்காடும்

அன்புள்ள அண்ணாச்சி,

குலசேகரம் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் விளை, அதாவது தோட்டம், இருக்கிறது. அதில் தாத்தா நட்ட தேக்கை வெட்ட அனுமதி கேட்டு எட்டு மாதமாக அலைகிறேன். பின்லாந்தில் வேலை பார்க்கும் சித்தி மகன், அங்கே தகவல் கொடுத்துவிட்டு வெட்டலாம் என்கிறான். அத்தனை வெட்டியும் காடு குறையவில்லையாம். அந்தச் சட்டத்தை இங்கேயும் கொண்டுவந்தால் என்ன?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சித்தி மகன் சொன்னது சரிதான். பின்லாந்தில் பத்து நாளுக்கு முன்னால் காடுகளைக் கவனிக்கும் வனமையம் என்ற அமைப்புக்கு அறிவிப்பு கொடுத்துவிட்டு வெட்டலாம். ஆனால் மொத்தமாக வெட்டிய இடத்தில் மறுபடி காடு வளர்த்தாக வேண்டும். இதை விட்டுவிட்டுச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். பக்கத்து ஸ்வீடன், காடு தேய்ந்துபோன பிறகு, 1903லேயே இந்தக் கடமையைச் சட்டமாக்கியது. பின்லாந்துக் காட்டில் பெரும்பாலும் பைன், ஸ்புரூஸ், பிர்ச் என்று மூன்று வகை மரம்தான். பாதிக்கு மேல் குடும்பங்களின் சொத்து. தாத்தா வைத்ததைப் பேரன் வெட்டுகிறான், திரும்ப வைக்கிறான்.

பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காடு அப்படியா? அதை வெட்டிவிட்டு நாற்று நட்டு நிரப்ப யாராலும் முடியாது. எனக்கு அந்த மலை மரமாகத் தெரிவதே இல்லை, தண்ணீராகத்தான் தெரிகிறது. 1906ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையை நம்பி நாஞ்சில்நாட்டு வயல்கள் இருக்கின்றன, அணை அந்தக் காட்டை நம்பி இருக்கிறது. அங்கே 1980 வனப் பாதுகாப்புச் சட்டம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் நல்லது. கூடலூர்ப் பக்கம் மரம் வெட்டுவதை எதிர்த்து கேரளத்து நிலம்பூர் அரச குடும்பத்துக் கோதவர்மன் திருமுல்பாடு போட்ட வழக்கில், காடு யாருக்குச் சொந்தமானாலும் காடுதான் என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றும் அந்த உத்தரவை நன்றியோடு நினைக்கிறேன்.

உங்கள் விளை வேறு. தானாக வளர்ந்த காட்டுக்குக் காட்டும் அதே கெடுபிடியை நட்டு வளர்த்த மரத்துக்கும் காட்டினால், அடுத்து எவர் தேக்கும் அயனியும் நடுவார்? பேசாமல் ரப்பர் வைத்துவிடுவார்கள். விளைக்கு பின்லாந்து வழியே போதும்: அறிவிப்பு கொடு, வெட்டு, திரும்ப நடு.

அப்புறம் தனியார் கையில் இருக்கும் காடு. நம்முடைய 1949 தனியார் காடுகள் சட்டம் வெட்டாதே என்று தடுக்கிறது. கோஸ்டாரிகாவின் 1996 சட்டமும் காட்டை வேறு நிலமாக மாற்றக்கூடாது என்கிறது. கூடவே, எரிபொருள் வரியில் ஒரு பங்கை எடுத்து, காட்டைக் காப்பவருக்குப் பணமும் கொடுக்கிறது. எந்த நாட்டிலிருந்தாவது ஒரு சட்டத்தை அப்படியே இறக்கலாம் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்.

மனுவை விட்டுவிடாதீர்கள். தேக்கு இறங்கியதும் அந்தக் குழிகளில் என்ன வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.