கிணறு தோண்டும் உரிமை

மதிப்பிற்குரிய ஐயா,

அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் பிஃபாஸ் எனப்படும் மக்காத நச்சு வேதிப்பொருட்களுக்கு எதிராக இயற்றிய சட்டங்களைப் பாராட்டித் தாங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அதே மாநிலம் 2022-ல் பாசமக்குவாடிப் பழங்குடியினரின் குடிநீருக்கென்று தனிச்சட்டம் ஒன்றையும் இயற்றியிருக்கிறது. பொதுச்சட்டம் கடுமையாக இருந்தால் அதுவே எல்லோருக்கும் போதாதா? ஒரு சமூகத்துக்கு மட்டும் தனிச்சட்டம் என்பது சலுகை ஆகாதா?

இப்படிக்கு,
பாஸ்டனிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பொதுச்சட்டங்களை இன்றும் பாராட்டுகிறேன். கழிவுநீர்ச் சேற்றை உரம் என்று நம்பி வயலில் இட்ட பண்ணையாளர்களின் மண்ணும் கிணறும் கெட்டதைக் கண்ட பிறகு, ஆறு பிஃபாஸ் சேர்மங்களின் கூட்டளவு குடிநீரில் லிட்டருக்கு 20 நானோகிராமைத் தாண்டக்கூடாது என்று 2021-ல் மெய்ன் வரையறுத்தது. மறு ஆண்டு, அந்தச் சேற்றை நிலத்தில் இடுவதையே தடை செய்தது. அமெரிக்க மாநிலங்களில் அதுவே முதல் தடை.

ஆனால் பாசமக்குவாடி மக்கள் வாழும் சிபாயிக்கில் இருந்த சிக்கல் வேறு. அவர்களுக்கும் அருகிலுள்ள ஈஸ்ட்போர்ட் நகருக்கும் தண்ணீர் தருவது பாய்டன் என்ற ஆழமற்ற ஏரி. இலைதழை மக்கிய கரிமப்பொருள் நிறைந்த அந்த நீரில் கிருமி நீக்கத்துக்காகக் குளோரின் சேர்க்கும்போது, இரண்டும் வினைபுரிந்து ட்ரைஹாலோமீதேன்கள் உருவாகின்றன. நீண்டகாலம் உட்கொண்டால் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டக்கூடியவை என்பதால், அவற்றுக்கு லிட்டருக்கு 80 மைக்ரோகிராம் என்று மத்திய அரசு உச்சவரம்பு விதித்திருக்கிறது. சிபாயிக்கில் அந்த வரம்பு பலமுறை மீறப்பட்டது. குழாயில் பழுப்பு நிறத்தில் தண்ணீர் வந்தது. மக்கள் புட்டித் தண்ணீரை வாங்கிக் குடித்தார்கள், ஊற்று நீரைத் தேடிப் போய்ப் பிடித்து வந்தார்கள். வரம்பு விதிக்கும் சட்டம் இருந்தும் அவர்களுக்கு நல்ல தண்ணீர் வரவில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

பழங்குடிக்குச் சொந்தமான நிலத்தில் நல்ல நிலத்தடி நீர் இருந்தது. அதை எடுத்துக்கொள்வதற்குத் தடையாக நின்றது 1980-ன் நில உரிமைத் தீர்வுச் சட்டம். மாநிலத்தின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிலம் சட்டவிரோதமாகக் கைமாறியது என்று பாசமக்குவாடி, பெனோப்ஸ்காட் மக்கள் தொடுத்த வழக்கு, 8.15 கோடி டாலர் தீர்வுத்தொகையோடு அந்த ஆண்டில் முடித்துவைக்கப்பட்டது. கூடவே அவர்களின் நிலமும் நீரும் பெரும்பாலும் மாநிலச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. 1980-க்குப் பிறகு பழங்குடிகளின் நன்மைக்காக அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றும் எந்தச் சட்டமும், மாநில அதிகாரத்தைப் பாதிக்குமானால், மெய்னின் பெயரைத் தனியே குறிப்பிட்டாலொழிய அங்கே செல்லாது என்ற விதியும் சேர்ந்தது. இந்த ஒரு விதிதான் உங்கள் கேள்விக்கான விடை என்று நான் கருதுகிறேன்.

அதன் விளைவை நியூ மெக்சிகோவோடு ஒப்பிட்டால் தெளிவாகத் தெரியும். 1987-ல் மத்திய அரசின் தூய நீர்ச் சட்டம் திருத்தப்பட்டபோது, பழங்குடி அரசுகள் தங்கள் நீருக்கான தரத்தை மாநிலங்களைப் போலத் தாமே வகுக்கலாம் என்ற உரிமை கிடைத்தது. ரியோ கிராண்டே நதியில் அல்புகர்க்கி நகருக்குக் கீழே வாழும் இஸ்லெட்டா பழங்குடி மக்கள் 1992-ல் அந்த உரிமையைப் பயன்படுத்தி, நகரின் கழிவுநீர் இன்ன தரத்தில்தான் தங்களை வந்தடைய வேண்டும் என்று விதித்தார்கள். நகரம் வழக்குத் தொடுத்து 1996-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. மெய்னில், பெனோப்ஸ்காட் நதியின் மீன்களில் பாதரசமும் டயாக்சினும் சேர்ந்தபோது, அந்த நதியின் பெயரையே தங்கள் பெயராகக் கொண்ட மக்களால் 1980-ன் விதி காரணமாக இப்படிச் செய்ய இயலவில்லை. ஒருவர் நாளுக்கு 32.4 கிராம் மீன் உண்பார் என்ற கணக்கில் மாநிலம் நச்சு வரம்புகளை வகுத்திருந்தது. மீனை அன்றாட உணவாகக் கொண்டவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகு 2019-ல் வந்த மாநிலச் சட்டம், அவர்கள் மீன்பிடிக்கும் நீர்ப்பகுதிகளுக்கு அந்த அளவை 200 கிராமாக உயர்த்தியது. கணக்கில் மீன் கூடினால் நீரில் அனுமதிக்கப்படும் நஞ்சு குறையும். அந்த எண்ணை யார் எழுதுகிறார் என்பதில்தான் உரிமை இருக்கிறது.

2022-ன் சட்டத்தை நான் சலுகையாகக் கருதாததற்குக் காரணம் இதுவே. பாசமக்குவாடி மக்கள் தங்கள் நிலத்தில் நிலத்தடி நீரை எடுக்கவும், குடிநீர் விஷயத்தில் மத்திய சுற்றுச்சூழல் முகமையோடு நேரடியாகப் பணியாற்றவும் அது வழிவிட்டது. நீர் வழங்கும் அமைப்பின் மீதிருந்த சொத்து வரியையும் நீக்கியது. பிற மாநிலங்களின் பழங்குடிகளுக்கு ஏற்கெனவே இருந்த வழியை இவர்களுக்கும் ஓரளவு திறந்துவிட்டது, அவ்வளவுதான்.

1980-ன் விதி இன்னும் நிற்கிறது. அதைத் தளர்த்தும் மசோதா 2023-ல் மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. ஆளுநர் ஜேனட் மில்ஸ் அதை நிராகரித்தார், அந்த நிராகரிப்பைக் கடக்கத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் கிடைக்கவில்லை. எனவே நாளை வேறொரு தேவை எழுந்தால், சிபாயிக் மக்கள் அதற்கென்று இன்னொரு தனிச்சட்டம் கேட்டு மறுபடியும் மாநிலத் தலைநகர் அகஸ்டாவுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

அன்புடன்.