வாசகர் கேள்வி: பட்டாயாவுக்குத் தம்பதியாகச் செல்லலாமா?

கேள்வி: எங்கள் திருமண வெள்ளி விழாவையொட்டி, நானும் கணவரும் ஜனவரியில் நான்கு நாள்கள் தாய்லாந்தின் பட்டாயா செல்ல எண்ணுகிறோம். அது இரவுக் கேளிக்கைக்கான ஊர் மட்டுமே என்கிறார்களே?

பதில்: தயங்காமல் செல்லுங்கள். அந்த ஆரவாரத்தின் மையம் தெற்குப் பட்டாயாவின் வாக்கிங் ஸ்ட்ரீட் என்பதால், ஜோம்தியன் கடற்கரையிலோ வடக்கே நக்லுவாவிலோ அறை எடுத்துக்கொண்டால் அமைதியாகத் தங்கலாம். விரும்பினால் ஒரு மாலை அத்தெருவை நடந்து பார்த்துவிட்டும் திரும்பலாம். (உறவினர்களிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.)

நக்லுவாவில், 1981இல் தொடங்கி இன்னும் நிறைவுறாமல் செதுக்கப்பட்டுவரும் ‘சத்தியத்தின் ஆலயம்’ என்ற மாபெரும் மர மாளிகைக்கு அரைநாளாவது ஒதுக்குங்கள். இந்து, பௌத்த மரபுகளின் உருவங்கள் ஒரே கூரையின்கீழ் நிற்பதையும், சிற்பிகள் உளியோடு அமர்ந்திருப்பதையும் அங்கே காணலாம்.

நகரக் கடற்கரையில் நீர் அவ்வளவு தெளிவாக இராது. குளிக்க விரும்பினால், பாலி ஹாய் துறையிலிருந்து படகில் முக்கால் மணி நேரத்தில் கோ லார்ன் தீவை அடையலாம். ஜனவரி மழையற்ற காலம் என்பதால் கூட்டம் மிகும். காலைப் படகிலேயே கிளம்பிவிடுங்கள். ஜெட் ஸ்கீ (நீர் ஸ்கூட்டர்) வாடகைக்கு எடுப்பதானால், அதிலுள்ள பழைய கீறல்களை முதலிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் அவற்றை உங்கள்மேல் சுமத்த இடமிராது.