பியானோவில் தொடங்கும் அந்தக் கறுப்பு வெள்ளைப் பாட்டு

வணக்கம் நண்பரே. பியானோவில் தொடங்கி நடுவே சாக்ஸபோன் வரும், அமெரிக்க ராக் குழுவான ஈகிள்ஸின் குரல், என்ன பாட்டு என்று கேட்டீர்களே, அது டான் ஹென்லியின் 'தி எண்ட் ஆஃப் தி இன்னொசன்ஸ்', 1989. ஈகிள்ஸ் டிரம்மர்தான், ஆனால் தனியாக வெளியிட்டது. அதனால்தான் அந்தக் குழுவின் ஆல்பங்களில் தேடியும் அகப்படவில்லை. பியானோ வாசித்தவர் புரூஸ் ஹார்ன்ஸ்பி. சாக்ஸபோன் ஜாஸ் மேதை வெய்ன் ஷார்ட்டர்; அந்த இடத்தை ஹெட்போனில் கேளுங்கள், நெஞ்சு கரைந்துவிடும்.

அந்தக் கறுப்பு வெள்ளை வீடியோ, ஹாலிவுட் இயக்குநர் டேவிட் ஃபின்ச்சர் சினிமாவுக்கு வருமுன் எடுத்தது. ராபர்ட் ஃபிராங்கின் அமெரிக்கப் புகைப்படங்களின் சாயல் அதில் அப்படியே தெரியும்.

காதல் பாட்டில் ராஜா எதற்கு என்று குழம்பியிருந்தீர்கள். அப்பா பிரிந்துபோன வீட்டின் வலியில் தொடங்கும் பாட்டு, அதிபர் ரீகன் கால அமெரிக்கா மீதான கோபமாக விரிகிறது. மக்கள் தேர்ந்தெடுத்த அந்தக் களைத்த ராஜா ரீகன்தான். இரண்டாவது சரணத்தை வரிகளோடு சேர்த்துக் கேளுங்கள், பிடிபட்டுவிடும்.