ஏஐக்கு டேட்டாபேஸ் விதிகள்: காரைக்குடி வட்டாரத்துக் கேள்விகளும் பதில்களும்

கர்சர், கிளாட் கோட், கோபைலட் போன்ற, கோடு எழுதும் ஏஐகளுக்கு டேட்டாபேஸ் விதிக் கோப்பு (இதைச் செய், இதைச் செய்யாதே என்று ஏஐ படிக்க வைக்கும் குறிப்பு) எழுதிப் பராமரிப்பது பற்றி வந்த கேள்விகள் இவை.

புதுவயல், அரிசி ஆலை மென்பொருள்: அண்ணே, பக்கம் பக்கமாக விதி எழுதியிருக்கிறேன். ஏஐ பாதியைக் கண்டுகொள்வதே இல்லை.

பாதியை அழித்துவிடுங்கள் தம்பி. பிரைமரி கீ வை, பெயரை ஒழுங்காக வை என்பதெல்லாம் அதற்கே தெரியும். அதற்குத் தெரியாதது உங்கள் வீட்டுச் சங்கதிதான். முதல் வரியில் வெர்ஷனைப் போடுங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் முன்பெல்லாம் டீஃபால்ட்டோடு (தானாக நிரம்பும் மதிப்போடு) ஒரு காலம் (column) சேர்த்தால் டேபிள் முழுவதையும் திருப்பி எழுதும். 2018இல் வந்த 11லிருந்து, நிலையான மதிப்பாக இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஏஐ படித்ததில் பழைய ஆலோசனையும் புதிய ஆலோசனையும் கலந்து கிடக்கிறது. வெர்ஷன் சொல்லாவிட்டால் எதை எடுத்துக் கொடுக்குமோ!

அப்புறம், விதியோடு காரணத்தையும் எழுதுங்கள். இப்படி: "ஓடுகிற டேபிளில் இண்டெக்ஸைக் கன்கரன்ட்லியாக (மற்ற வேலையைத் தடுக்காமல்) போடு, இல்லாவிட்டால் அது முடியும்வரை பில் ஏறாது. டிரான்சாக்‌ஷனுக்குள் வைக்காதே, போஸ்ட்கிரெஸ் ஏற்காது."

இன்னொன்று. நிஜ வேலை ஓடுகிற டேட்டாபேஸ்தான் புரொடக்‌ஷன். புரொடக்‌ஷன் பாஸ்வேர்டை ஏஐயிடம் கொடுக்காதீர்கள்.

தேவகோட்டை: கோப்பை எங்கே வைப்பது?

கோடு இருக்கும் ரெப்போவிலேயே (கோடுக் களஞ்சியம்). மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றும் கோடு) மாறுகிற கமிட்டில் விதியும் சேர்ந்து மாறட்டும்.

காரைக்குடி, நகைக்கடை பில்லிங்: தங்க எடைக்கு ஏஐ ஃப்ளோட் (தோராயமான தசம எண்) போடுகிறது. விடலாமா?

கூடாது. நியூமரிக் (துல்லியமான தசம எண்), கிராமில், மூன்று தசம இடம். பவுனாகச் சேமிக்காதீர்கள், 8 கிராமால் வகுத்துத் திரையில் காட்டினால் போதும்.

கானாடுகாத்தான், ஓட்டல் புக்கிங்: ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம், வார்சார்(1)இல் (ஓரெழுத்து மட்டும் கொள்ளும் காலத்தில்) இனிஷியல். ஒவ்வொரு தடவையும் இதையே கொடுக்கிறது அண்ணே.

அவசியம் விதி எழுத வேண்டிய இடம் இதுதான். நம் ஊரில் லாஸ்ட் நேம் ஏது? இனிஷியலும் ஓரெழுத்தில் அடங்காது. 'மு' என்பது நம் கண்ணுக்கு ஓரெழுத்து. போஸ்ட்கிரெஸுக்கு ம ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. வார்சார்(1)இல் போட்டால் நீளம் அதிகம் என்று எர்ரர் வரும். 'ராம.' என்றால் புள்ளியோடு நான்கு. முழுப் பெயருக்கு ஒரே டெக்ஸ்ட் காலம் என்று எழுதி, கீழேயே "மு. ராம. சித. வள்ளியப்பன்" என்று ஒரு மாதிரிப் பெயரையும் கொடுங்கள். மாதிரியைப் பார்த்தால் ஏஐக்குச் சட்டென்று பிடிபடும்.

கண்டனூர்: தம்பி, ஒரே காலம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் கோயில் புள்ளிக் கணக்கில் (குடும்பக் கணக்கில்) விலாசம் (பெயருக்கு முன் வரும் இனிஷியல் வரிசை) தனியாக இருந்தால்தான் ஒரு வீட்டுப் பங்காளிகளைச் சேர்த்து எடுக்க முடியும்.

புள்ளிக் கணக்குக்கு நீங்கள் சொல்வது சரிதான் ஆச்சி. அங்கே விலாசம் என்பது குடும்பத்தின் அடையாளம். அதற்குத் தனி டேபிளே வைக்கலாம், ஆளுக்கு ஆள் திரும்ப எழுத வேண்டாம். ஓட்டலுக்கு வருகிறவரிடம் அது தேவையில்லை. அதனால்தான் இன்னொருவர் விதிக் கோப்பை அப்படியே இறக்கிப் பயன்படுத்தாதீர்கள் என்கிறேன்.

பள்ளத்தூர்: அப்படியானால் இனிஷியலுக்கு வார்சார்(5) போதுமா?

டெக்ஸ்ட். போஸ்ட்கிரெஸில் நீளம் குறைத்து வைப்பதால் வேகம் கூடாது.

ஆத்தங்குடி, டைல் பட்டறைக் கணக்கு: 'டேபிளை அழிக்காதே' என்று விதி எழுதினால் போதும்தானே?

போதாது. 2025 ஜூலையில், எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும், ரெப்ளிட்டின் ஏஐ ஒருவருடைய புரொடக்‌ஷன் டேட்டாபேஸை அழித்துவிட்டது. ஏஐ விதியை மீறலாம்; டேட்டாபேஸ் அனுமதிக்காததைச் செய்ய முடியாது. படிக்க மட்டும் உரிமையுள்ள யூசரைக் கொடுங்கள், அதையும் சோதனைப் பிரதியில்.

தேவகோட்டை: புரொடக்‌ஷனோடு நேராக இணைத்தால் வேலை சீக்கிரம் முடியுமே?

முதல் பதிலின் கடைசி வரி.

காரைக்குடி: ஆரக்கிளுக்கும் இதே விதிகளா?

அது வேறு டேட்டாபேஸ். ஆரக்கிள் டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) ஒருவரிடம் கேளுங்கள்.

புதுவயல்: எந்த விதியை எப்போது எடுப்பது?

கருவியே பிடிக்கக்கூடியதை எடுத்துவிடலாம். கன்கரன்ட்லி இல்லாத இண்டெக்ஸை ஸ்குவாக் என்ற லின்டர் (கோடில் தவறு தேடும் கருவி) பிடித்துவிடும். அதை சிஐயில் (கோடு மாறும்போதெல்லாம் தானாக ஓடும் சோதனையில்) மாட்டுங்கள். ஒவ்வொரு விதியின் பக்கத்திலும் எந்த வெர்ஷனில் சோதித்தது என்று குறித்து வையுங்கள். வெர்ஷன் ஏற்றும்போது பழைய எண் உள்ளவற்றை மட்டும் மறுபடி ஓட்டிப் பார்த்தால் போதும்.