கலங்கிய வெள்ளநீரைக் குடிநீராக்குவது எப்படி?

கேள்வி: ஐயா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் எங்கள் தரைத்தொட்டிக்குள் வெள்ளநீர் புகுந்துவிட்டது. அத்தகைய நீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதாதா?

பதில்: நீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் கடந்தால் கிருமிகள் மடியும்; சேறு போகாது. ஆகவே முதலில் தெளிய வைத்து, அதன்பின் கொதிக்க வைக்க வேண்டும். பெட்ரோல், டீசல் வாடை அடித்தாலோ எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ அந்த நீரைத் தயவுசெய்து குடிக்காதீர்கள். கொதிக்க வைப்பதோ குளோரினோ அவற்றை நீக்காது.

கேள்வி: படிகாரம் எவ்வளவு போடுவது?

பதில்: 20 லிட்டர் வாளிக்கு ஏறத்தாழ ஒரு கிராம், அதாவது கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான தூள், பொதுவாகப் போதும். அதை ஒரு தம்ளர் நீரில் கரைத்து ஊற்றி, ஒரு நிமிடம் வேகமாகவும், பிறகு ஐந்து நிமிடம் மிக மெதுவாகவும் கலக்குங்கள். களிமண் துகள்கள் எதிர்மின் தன்மை கொண்டவையாதலால் ஒன்றையொன்று விலக்கியபடி நாட்கணக்கில் மிதக்கும்; படிகாரத்தின் அலுமினியம் அத்தன்மையைத் தணித்ததும், அவை பஞ்சுப் பிசிறுகளாகத் திரண்டு அடியில் இறங்குவதைக் கண்ணாலேயே காணலாம். ஒரு மணி நேரமாவது வாளியை அசைக்காமல் விட்டு, தெளிந்த மேல்நீரை மட்டும் நான்காக மடித்த சுத்தமான பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். மழைநீரில் காரத்தன்மை குறைவு என்பதால் சில வேளை பிசிறு திரளாது. அப்போது சிறிதளவு வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துச் சேர்த்தால் திரளும்.

கேள்வி: எங்கள் பாட்டி பானையில் தேற்றாங்கொட்டையை உரைப்பார். அது பயன்படுமா?

பதில்: நன்றாகவே பயன்படும். முருங்கை விதைப் பருப்பின் தூளும் அப்படித்தான். அதிலுள்ள புரதம் துகள்களைத் திரட்டுகிறது. ஆனால் விதையின் சத்து நீரிலேயே தங்குவதால், அந்த நீரை ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இவ்விரண்டும் நீரைத் தெளிவிக்குமே தவிர, கிருமிநீக்கத்துக்கு ஈடாகா.

கேள்வி: குளோரின் மாத்திரை போட்டும் வாசனையே வரவில்லையே?

பதில்: கலங்கல் நீரில் போட்டிருப்பீர்கள். மண்ணும் அழுக்கும் குளோரினைத் தின்றுவிடும். துகளுக்குள் ஒளிந்த கிருமி தப்பிவிடும். தெளிந்த நீரில் உறையில் குறித்த அளவு போட்டு 30 நிமிடம் மூடி வையுங்கள். அதன்பின்னும் மெல்லிய வாசனை இல்லையென்றால் மறுபடி ஒருமுறை போட்டுக் காத்திருங்கள். இந்தியத் தரநிலைப்படி லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும்.

கேள்வி: நேரடியாக ஆர்ஓ இயந்திரத்தில் விடலாமா?

பதில்: வேண்டாம், சேறு சவ்வை அடைத்துவிடும்.