படுக்கையில் இருக்கும் அம்மாவிடம் "இது உங்கள் சிலுவை" என்று சொல்லலாமா?

கேள்வி: அம்மா புற்றுநோயோடு படுக்கையில் இருக்கிறார். பார்க்க வரும் சபையார் "இது கர்த்தர் கொடுத்த சிலுவை, சந்தோஷமா சுமந்துக்கோங்க" என்கிறார்கள். கிறிஸ்தவத்தில் துன்பத்துக்கு உண்மையிலேயே ஆன்மிக மதிப்பு இருக்கிறதா?

பதில்: இருக்கிறது என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால் அதைச் சொல்லும் உரிமை படுத்திருப்பவருக்குத்தான் உண்டு, பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிப்பவருக்கு இல்லை.

வேதமும் அப்படித்தான் போகிறது. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசு "இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்று கேட்ட பிறகுதான் பிதாவின் சித்தத்துக்கு விட்டுக்கொடுத்தார். அப்போஸ்தலன் பவுல், "மாம்சத்தில் ஒரு முள்" என்று தானே சொன்ன உபாதை நீங்க மூன்று தரம் வேண்டினார். "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் அவருக்கே நேராக வந்தது. நலம் விசாரிக்க வந்த சகோதரர் வழியாக வரவில்லை. எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள். அவர் துன்பத்துக்கு விளக்கம் சொல்லத் தொடங்கியதும் எல்லாம் கெட்டது. கர்த்தருக்காக வாதாடிய அவர்கள்மேல்தான் கடைசியில் கர்த்தருக்கே கோபம் வந்தது.

நாங்கள் வேலூர்க்காரர்கள். இந்தப் பேச்சு எடுத்தால் இங்கே மேரி வர்கீஸ் பெயர் வந்துவிடும். சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் டாக்டராக இருந்தபோது, 1954-இல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுக் கால்கள் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அவர் முயற்சியில் 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்தது. பிரசங்கங்களில் அந்த விபத்தையே ஆசீர்வாதமாக்கிவிடுவார்கள்; எனக்கு அது ஒப்பாது. விபத்து விபத்துதான். தன்னைப்போல விழுந்தவர்கள் எழுந்து உட்காரவும் பிழைக்கவும் அவர் வழி செய்தாரே, மதிப்பு அதில் இருக்கிறது.

அவருக்கு வழிகாட்டிய டாக்டர் பால் பிராண்ட், வலியை ஒரு வரம் என்பார். தொழுநோயாளிகள் விரல்களை இழப்பதற்குப் பெரிய காரணம், சுட்டாலும் வெட்டினாலும் வலி தெரியாததுதான் என்று கண்டவர் அவர். சரி, எச்சரிக்கும் வலிக்கு அது பொருந்தும். எலும்புவரை பரவிய புற்றுநோயில், வலி சொல்ல வேண்டியதை எப்போதோ சொல்லி முடித்துவிட்டதே!

காட்பாடியில் என் பெரியம்மாவும் இப்படித்தான் படுத்திருந்தார். வலி தணிக்கும் மார்ஃபின் போட்டால் சிலுவையைப் பாதியில் இறக்கிவைத்த மாதிரி ஆகிவிடும் என்று பிடிவாதம். எங்கள் ஆயர்தான், "ஆண்டவர் இதை உங்ககிட்ட கேக்கலம்மா, மாத்திரையைப் போடுங்க" என்றார். போட்டதும் தூக்கம் வந்தது, அப்புறம் ஜெபமும் வந்தது. அதுவரை வலியைத் தவிர எதையும் நினைக்க முடியவில்லையாம். வார்டில் இருந்த ஒவ்வொருவருக்காகவும், ஒரு அம்மாவின் மகள் கல்யாணத்துக்காகவும்கூட ஜெபித்தார். "நான் படுக்காம இருந்திருந்தா இவங்க கஷ்டம் எனக்கு எங்க தெரியப்போவுது" என்று ஒருநாள் சொன்னார். அவர் வாயால் வந்ததால் நம்பினேன்.

அதனால், முதலில் அம்மாவின் வலி அடங்கியிருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். பார்க்க வருகிறவர்கள் ஏதாவது வாசித்தே தீருவேன் என்றால் 88-ஆம் சங்கீதத்தைக் கொடுங்கள். கடைசி வசனத்தில்கூட ஆறுதல் வராது. ஆனாலும் அது ஜெபமாகத்தான் வேதத்தில் இருக்கிறது.