30 மீட்டர் என்று போட்ட விலை உயர்ந்த வாட்ச்சோடு கடலூர் தேவனாம்பட்டினம் கடலில் குளிக்கலாமா?

வேண்டாம். '30 மீட்டர்' என்பது அந்த ஆழம் வரை முங்கலாம் என்ற அனுமதி இல்லை. அசையாத நீரில் சுமார் 3 பார் அழுத்தத்தைத் தாங்கும் என்று சோதனையில் பார்த்த அளவு, அவ்வளவுதான். மழைச் சாரலுக்கும் கை கழுவவும் சரி. நீந்த 100 மீட்டராவது வேண்டும்.

தண்ணீரைத் தடுப்பது தங்கமோ பிராண்டோ அல்ல. பின்மூடியிலும், நேரம் மாற்றப் பக்கத்தில் இருக்கும் சாவித் திருகிலும் இருக்கும் மெல்லிய ரப்பர் வளையங்கள். குக்கர் காஸ்கெட் மாதிரிதான். குக்கர் எவ்வளவு உசத்தியானாலும் ரப்பர் இறுகிப்போனால் ஓரத்தில் ஆவி கசியும். வெயில், வியர்வை, சோப்பு எல்லாமே அந்த ரப்பரைக் கெடுக்கும். கடலூர், புதுச்சேரி பக்கம் உப்பு வேறு. ஸ்டீல் பட்டையின் இணைப்புகளில் தங்கினால் நல்ல ஸ்டீலிலும் புள்ளி புள்ளியாக அரிப்பு வரலாம். கடற்கரைக்குப் போய் வந்தால் சாவி அழுந்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஈரத்துணியால் துடையுங்கள். அப்புறம், பேட்டரி மாற்றும்போதோ சர்வீஸின்போதோ அழுத்தச் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேட்காமல் பல கடைகளில் செய்வதில்லை.

விலை கூடினால் நீரைத் தாங்கும் திறனும் கூடும் என்று நினைப்பது தவறு: விசேஷங்களுக்குக் கட்டும் பல லட்ச ரூபாய் டிரெஸ் வாட்ச் பலவற்றில் வெறும் 30 மீட்டர்தான், சில ஆயிரம் ரூபாய் கேசியோ ஜி-ஷாக் வாட்ச்சில் 200 மீட்டர்.